கனடா பி.ஆர்.: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கல்லடிக்காரி. 2016இல் கணவரோடும் மகனோடும் கனடாவில் போய் இறங்கினேன். வருடத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் பார்க்க ஊருக்கு வருவேன். வந்த இரண்டாம் நாளே விறாந்தையில் யாராவது ஒருவர் பிளாஸ்டிக் பை நிறையக் கடதாசிகளோடு காத்திருப்பார். வாழைச்சேனையிலிருந்தும் வருவார்கள், அக்கரைப்பற்றிலிருந்தும் வருவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் இந்தச் சட்டத்தோடு ஒன்பது வருடம் வாழ்ந்திருக்கிறேன், படிக்க வேண்டியதைப் படித்துத்தான் சொல்கிறேன்.

பி.ஆர். கிடைத்தால் கனடாக்காரர் ஆகிவிட்டோம் என்று அர்த்தமா?

இல்லை. பி.ஆர். என்பது நிரந்தர வதிவிட உரிமை. அங்கே வாழலாம், வேலை செய்யலாம், படிக்கலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாம். வாக்குப் போட முடியாது, கனேடியக் கடவுச்சீட்டும் கிடைக்காது. நீங்கள் இன்னும் இலங்கைக் குடிமகன்தான், இலங்கைக் கடவுச்சீட்டில்தான் பயணம். "நிரந்தர" என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். நிபந்தனைகளை மீறினால் அதைப் பறிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

காட் (பி.ஆர். அட்டை) காலாவதியானால் பி.ஆர். போய்விடுமா?

போகாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. காட் வேறு, உரிமை வேறு. அடையாள அட்டை தொலைந்தால் நீங்கள் இலங்கையர் இல்லை என்று ஆகிவிடுமா? அதுபோலத்தான்.

பி.ஆர். உரிமை போவதற்கு வழிகள் குறைவு. நீங்களே எழுதிக்கொடுத்து விட்டுவிடலாம். தங்கியிருக்க வேண்டிய நாட்கள் போதவில்லை என்று அதிகாரி தீர்மானித்து, அந்தத் தீர்மானம் மேன்முறையீடும் கடந்து முடிவாகலாம். வெளியேற்றக் கட்டளை நடைமுறைக்கு வரலாம். அகதியாகப் போனவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, அதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். குடியுரிமை எடுத்தாலும் பி.ஆர். முடியும், ஆனால் அது நல்ல முடிவு.

அப்படியென்றால் காட் எதற்கு? விமானம் ஏறுவதற்கு. போன வருடம் வாழைச்சேனைப் பெரியம்மா ஒருவர் வந்திருந்தார். மகள் பொறுப்பேற்று அழைத்த ஸ்பொன்சரில் போனவர், கணவரின் ஆண்டுத் திதிக்கு வந்த இடத்தில் காட் முடிந்துவிட்டது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டி போடும் இடத்திலேயே திருப்பிவிட்டார்கள். இரவு பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்பியிருக்கிறார். "மறுகா என்ன மகள் செய்யிற? எல்லாம் முடிஞ்சுதானே?" என்று கேட்டார். காட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முடிந்து பதினொரு நாள். அவர் கனடாவில் இருந்த நாட்களோ நாலு வருடத்துக்கு மேல். ஒன்றும் முடியவில்லை.

இப்படி வெளிநாட்டில் காட் முடிந்தாலோ தொலைந்தாலோ கேட்க வேண்டியது பி.ஆர். பயண ஆவணம். கட்டணம் 50 கனேடிய டொலர். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் ஒரு தடவை நுழைவதற்குத்தான் தருவார்கள். போய் இறங்கியதும் புதிய காட்டுக்குப் போட வேண்டும். காட் தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் எடுத்து வையுங்கள்.

புதிய காட்டை இலங்கை முகவரிக்கு அனுப்பமாட்டார்கள், கனடா முகவரிக்கு மட்டும்தான். "நான் இங்க இருக்கன், மகன் அங்க இருந்து எனக்குக் காட் எடுத்து அனுப்பட்டும்" என்ற யோசனையை விட்டுவிடுங்கள். நீங்கள் கனடாவுக்குள் இருப்பதாக எழுதிக் கையெழுத்து வைப்பது பொய்யாகிவிடும்.

உண்மையில் எத்தனை நாள் இருக்க வேண்டும்?

ஐந்து வருடத்தில் 730 நாள். தொடர்ச்சியாக இருக்கத் தேவையில்லை. வந்து இறங்கிய நாளும் கிளம்பிய நாளும் கணக்கில் சேரும். ஒரு நாளில் கொஞ்ச நேரம் கனடா மண்ணில் இருந்தாலும் அது முழு நாள்.

இதில் இரண்டு நிலை இருக்கிறது, அங்கேதான் குழப்பம் வரும்.

பி.ஆர். ஆகி ஐந்து வருடம் நிறையாதவர்களுக்கு: மிச்சமிருக்கும் நாட்களில் 730ஐ எட்ட முடியுமா என்று பார்ப்பார்கள். ஓர் உதாரணம். களுவாஞ்சிக்குடித் தம்பி ஒருவர் 2021 மார்ச் 10 அன்று இறங்கினார் என்று வையுங்கள். இருபது நாள் நின்று லேண்டிங் (முதல் நுழைவுப் பதிவு) வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். 2026 மார்ச் 10க்குள் அவருக்கு இன்னும் 710 நாள் வேண்டும். பின்னோக்கி எண்ணினால் 2024 மார்ச் 30 அளவில் அவர் கனடாவில் நிற்க வேண்டும். அன்றிலிருந்து வெளியே கால் வைக்காமல் இருக்கவும் வேண்டும். அதற்குப் பிறகு போனால் எட்டாது. "ஐந்து வருடம் காட் இருக்கு, 2025 கடைசியில போனாப் போதும்" என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தால் அது பாழும் கிணற்றைக் காட்டிவிட்ட மாதிரி.

ஐந்து வருடம் தாண்டியவர்களுக்கு: அதிகாரி உங்களைச் சோதிக்கும் அந்த நாளிலிருந்து பின்னோக்கி ஐந்து வருடம் பார்ப்பார். அதற்கு முந்தியது எதுவும் எடுபடாது. நீங்கள் பத்து வருடம் ஸ்காபரோவில் தொடர்ந்து இருந்தவராக இருக்கலாம். கடைசி ஐந்து வருடத்தில் மூன்றரை வருடம் ஊரில் நின்றிருந்தால் நாட்கள் போதாது. பழைய நாட்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் உதிர்ந்துகொண்டே இருக்கும்.

வேளாண்மைக்காக ஒவ்வொரு வருடமும் ஆறு மாதம் ஊரில் நிற்கிறேன். பரவாயில்லையா?

சம்மாந்துறைப் பக்கம் வயல் வைத்திருக்கும் ஒரு மாமா கேட்டது. மாரிப்போகத்துக்கு ஒக்டோபரில் வந்து, வெட்டி முடித்து மார்ச் கடைசியில் போவார். அப்படியென்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 183 நாள் கனடாவில். ஐந்து வருடத்துக்கு 915. பி.ஆர்.க்கு அது தாராளம்.

ஆனால் குடியுரிமைக்கு ஐந்து வருடத்தில் 1,095 நாள் வேண்டும். இந்தக் கணக்கில் அவர் ஆயுசுக்கும் அதை எட்டமாட்டார். ஒவ்வொரு முறையும் 180 நாள் குறையும். அவருக்குக் குடியுரிமை வேண்டாம் என்றால் சரி. வேண்டும் என்றால் ஒரு மூன்று நாலு வருடம் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு அங்கே நிற்க வேண்டும்.

இன்னும் கொஞ்சம் கூட்டி ஏழு மாதம் ஊரில் நின்றால் என்ன? வருடத்துக்கு 150 நாள், ஐந்து வருடத்துக்கு 750. இருபது நாள்தான் மிச்சம். ஒரு தடவை டெங்கு வந்து படுத்தாலோ, வெள்ளத்தில் பாதை மூடிப் பயணம் தள்ளிப்போனாலோ அந்த மிச்சமும் போய்விடும். அவ்வளவு ஒட்டி வாழாதீர்கள்.

நாட்களை எப்படிக் கணக்கு வைப்பது? இரண்டு மாதத்தைக் கூட்டி எழுதினால் கண்டுபிடிப்பார்களா?

கண்டுபிடிப்பார்கள். முன்பு கனடா விட்டு வெளியேறும்போது பதிவு சரியாக இருக்கவில்லை. 2019இலிருந்து தரை எல்லையிலும் 2020இலிருந்து விமானத்திலும் வெளியேறும் விபரம் எல்லை முகவரகத்துக்குப் போகிறது. நீங்கள் எழுதுவதையும் அவர்களிடம் இருப்பதையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்கள். பொய் எழுதியது உறுதியானால் வெளியேற்றி, ஐந்து வருடம் உள்ளே வரத் தடையும் போடலாம். உண்மையைச் சொல்லி நாட்கள் குறைந்தவருக்கு வாதாட வழி இருக்கிறது. பொய் சொன்னவருக்கு அந்த வழியும் அடைபட்டுப் போகிறது.

எங்கள் வீட்டில் ஒரு சாதாரண சி.ஆர். கொப்பி இருக்கிறது. இடது பக்கம் கிளம்பிய திகதி, வலது பக்கம் திரும்பிய திகதி, நடுவில் காரணம். போர்டிங் பாஸ் துண்டைப் பக்கத்தில் ஒட்டிவிடுவேன். இத்தனை வருடத்தில் அந்தக் கொப்பிதான் எனக்கு அதிகம் உதவியது. பழைய கடவுச்சீட்டுகளையும் தூக்கி எறியாதீர்கள்.

கணவர் கனேடியக் குடிமகன். அவரோடு ஊரில் இருந்தால் அந்த நாட்கள் சேருமா?

சேரும். கனேடியக் குடியுரிமை உள்ள கணவர் அல்லது மனைவியோடு வெளிநாட்டில் சேர்ந்து வாழும் நாட்கள் கனடாவில் இருந்த நாட்களாகவே எண்ணப்படும். 22 வயதுக்குக் குறைந்த, திருமணமாகாத பிள்ளை குடியுரிமை உள்ள தாய் அல்லது தகப்பனோடு இருந்தாலும் அப்படியே. ஆனால் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். அவர் கட்டாரில், நீங்கள் ஆரையம்பதியில் என்றால் செல்லாது.

மறுபக்கம் செல்லாது என்பதையும் கவனியுங்கள். பிள்ளை கனடாவில் பிறந்த குடிமகனாக இருந்து, பி.ஆர். உள்ள தாய் அந்தப் பிள்ளையோடு ஊரில் நின்றால் தாய்க்கு நாள் சேராது. கனேடிய நிறுவனம் ஒன்று தன் முழுநேர ஊழியராக உங்களை வெளிநாட்டுக்கு அனுப்பினால் அந்த நாட்கள் சேரும். உறவினர் ஒருவர் பெயருக்கு ஒரு கம்பெனி திறந்து கடிதம் தந்தால் அது உதவாது.

அம்மாவைப் பார்க்க வந்து மாட்டிக்கொண்டேன். நாட்கள் குறைந்துவிட்டன. இனி வழி இல்லையா?

இருக்கிறது. மனிதாபிமானக் காரணங்களைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. ஏன் நின்றீர்கள், திரும்ப முயன்றீர்களா, கனடாவில் உங்களுக்கு என்ன இருக்கிறது, எத்தனை நாள் குறைகிறது, சம்பந்தப்பட்ட பிள்ளைகளுக்கு எது நல்லது என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். "அம்மாவுக்குச் சுகமில்லை" என்ற ஒரு வரி போதாது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் நோயறிக்கை அட்டைகள், கிளினிக் கொப்பி, வேறு பராமரிக்க ஆள் இல்லை என்பதற்குக் கிராம சேவகரின் கடிதம் என்று திகதியோடு அடுக்க வேண்டும். அம்மா படுக்கையில் இருக்கும்போது கடதாசி சேர்ப்பது மனசுக்குக் கஷ்டம்தான். நானும் அதைச் செய்தேன். ஆனாலும் அந்தந்த நேரத்தில் சேர்த்தால்தான் உண்டு.

வெளிநாட்டில் வைத்துப் பயண ஆவணத்தை மறுத்தால், கடிதம் கிடைத்து 60 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அதற்கு முந்தைய 365 நாளுக்குள் ஒரு தடவையாவது கனடாவில் நின்றிருந்தால், மேன்முறையீடு நடக்கும்போதே அங்கே போய் இருக்கவும் ஆவணம் கேட்கலாம். இந்த 60 நாளைத் தவறவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன். கடிதம் மின்னஞ்சலில் வந்து கிடக்கும், அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல் ஏஜென்டிடம் இருக்கும். தயவுசெய்து மின்னஞ்சலை உங்கள் கையில் வையுங்கள்.

ஏஜென்ட் பற்றி ஒன்று. பணம் வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் கனேடியக் குடிவரவு விண்ணப்பத்தை நடத்த உரிமம் வேண்டும். கனேடிய வழக்கறிஞராகவோ, அங்கே பதிவு பெற்ற குடிவரவு ஆலோசகராகவோ இருக்க வேண்டும். ஆலோசகர்களின் பெயர்ப் பட்டியலை யாரும் இணையத்தில் பார்க்கலாம். காசு கொடுக்கும் முன் பெயரைத் தேடுங்கள். எங்கள் உறவுக்காரர் ஒருவர் அப்படித் தேடாமல் நகைகளை அடகு வைத்துக் கொடுத்தார். அவர் கட்டியது இன்னொருவரின் விண்ணப்பத்துக்கான கட்டணம்.

நான் அகதியாகப் போய்ப் பி.ஆர். எடுத்தவன். ஊர்த் திருவிழாவுக்கு வரலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எனக்கு வயிறு கலங்கும். நம் பகுதியிலிருந்து 1990க்குப் பிறகும் 2006, 2007க்குப் பிறகும் போனவர்களில் எத்தனையோ பேர் இந்த வகை. பதினைந்து இருபது வருடமாகப் பெற்றோர் முகம் பார்க்காதவர்கள். மாமாங்கத்துத் தீர்த்தமும் கண்ணகி அம்மன் குளிர்த்தியும் போனில் பார்த்தே வருடங்கள் போய்விட்டன.

ஆனால் சட்டம் இப்படி இருக்கிறது: அகதிப் பாதுகாப்பில் பி.ஆர். ஆனவர், எந்த நாட்டிடமிருந்து பாதுகாப்புக் கேட்டாரோ அந்த நாட்டின் பாதுகாப்பைத் தானாகத் திரும்பவும் பயன்படுத்தினால், அகதி நிலை முடிந்ததாகத் தீர்ப்புக் கேட்க அரசாங்கத்துக்கு முடியும். இலங்கைக் கடவுச்சீட்டை எடுப்பதோ புதுப்பிப்பதோகூட அதற்கு அடையாளமாக எடுக்கப்படும். அதில் ஊருக்கு வந்துபோனால் இன்னும் பலமான அடையாளம். 2012 டிசம்பருக்கு முன் அகதி நிலை போனாலும் பி.ஆர். நின்றது. அந்தத் திகதியிலிருந்து இரண்டும் ஒன்றாகப் போகும். 730 நாள் கணக்கெல்லாம் இங்கே உதவாது. கனடாவில் வீடு, வேலை, பிள்ளைகள் எல்லாம் இருந்தும் இந்த ஒரு காரணத்தால் பி.ஆர். போகலாம்.

நான் எல்லோருக்கும் சொல்வது: முதலில் குடியுரிமை எடுங்கள். குடிமகன் ஆனபின் இந்த ஆபத்து இல்லை. அதுவரை இலங்கைக் கடவுச்சீட்டைத் தொடாதீர்கள். அகதிகளுக்கான கனேடியப் பயண ஆவணம் இருக்கிறது, அதில் விசா எடுத்து மூன்றாம் நாடு ஒன்றில் பெற்றோரைச் சந்திக்கலாம். இலங்கைக்கு அது செல்லாது. ஏற்கெனவே வந்துபோய்விட்டீர்கள் என்றால், குடியுரிமைக்கோ காட்டுக்கோ அடுத்த படிவத்தைப் போடுமுன் இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞரிடம் பேசுங்கள். சாவீட்டுக்காக வந்தேன் என்பதும், பயந்து ஒளிந்து நின்றேன் என்பதும், இந்தச் சட்டம் எனக்குத் தெரியாது என்பதும் வழக்கில் எடைபோடப்படும் விடயங்கள். அவற்றைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

ஸ்பொன்சரில் போனவர்கள் இதைப் படித்துப் பயப்படத் தேவையில்லை. இது அகதிப் பாதுகாப்புப் பெற்றவர்களுக்கு உரியது.

தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரலாமா?

வரலாம். ஆனால் குழந்தையின் நிலையை யோசித்துவிட்டு வாருங்கள். கனடாவில் பிறக்கும் பிள்ளை பிறப்பிலேயே குடிமகன். தாயும் தகப்பனும் பி.ஆர். மட்டும் உள்ளவர்களாக இருந்து, பிள்ளை மட்டக்களப்பில் பிறந்தால், அது இலங்கைப் பிள்ளை. பி.ஆர். தானாக வராது. ஸ்பொன்சர் செய்ய வேண்டும். பி.ஆர். உள்ளவர் ஸ்பொன்சர் செய்வதென்றால் அவர் கனடாவில் வசித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போது தகப்பன் அங்கே, பால்குடிப் பிள்ளையோடு தாய் இங்கே, தாயின் நாட்களும் கழிந்துகொண்டிருக்கும்.

தாய் வீட்டுச் சரக்குக் கறியும் வேது குளிப்பும் எவ்வளவு ஆறுதல் என்று எனக்குத் தெரியும். என் மகளை நான் ரொறன்ரோவில் பெற்றேன், அம்மா விசிட்டர் விசாவில் வந்து சரக்கு அரைத்துத் தந்தார். முடியுமானவர்கள் அப்படிச் செய்யுங்கள்.

விசா வந்துவிட்டது. போகுமுன் கலியாணத்தை முடித்துவிடலாமா?

சொல்லாமல் முடிக்கக் கூடாது. பெற்றோரோடு பிள்ளையாகப் போகிறவருக்கு நிபந்தனையே 22 வயதுக்குக் குறைவு, திருமணமாகாதவர் என்பதுதான். இறங்குமுன் கட்டினால் அவருடைய தகுதியே போகிறது. தொழில் தகுதியில் தனியாகப் போகிறவர் கட்டினால், இறங்குமுன் அறிவித்து மனைவியையும் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும். அறிவிக்காமல் இறங்கி, பிறகு அந்த மனைவியை ஸ்பொன்சர் செய்யப் போனால் "இவர் குடும்ப வகுப்புக்குள் வரமாட்டார்" என்று சட்டம் வெளியே தள்ளும். சில வகையினருக்கு 2019இலிருந்து ஒரு தற்காலிகச் சலுகை தந்தார்கள். அதை நம்பி யாரும் கலியாணத் திகதி வைக்காதீர்கள். இறங்கிவிட்டு, காட் வந்தபின் ஊருக்கு வந்து கட்டுங்கள். நாள் நட்சத்திரம் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

மாப்பிள்ளை ஸ்காபரோவில். போனில் நிக்காஹ் செய்தால் ஸ்பொன்சருக்குச் செல்லுமா?

காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் பலரும் கேட்டது. 2015 ஜூன் 11க்குப் பிறகு செல்லாது. திருமணம் நடக்கும்போது மணமக்கள் இருவரும் நேரில் அங்கே இருக்க வேண்டும். போன், வீடியோ, வகீல் (பிரதிநிதி) வழியாக நடந்த திருமணத்தைக் காட்டிக் கணவன் மனைவி என்று ஸ்பொன்சர் செய்ய முடியாது. மாப்பிள்ளை ஊருக்கு வரட்டும். இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.

சொந்த மச்சானைக் கட்டினால் மறுப்பார்களா?

மாட்டார்கள். கனடாவில் அது சட்டத்துக்கு விரோதமில்லை.

கணவர் ஸ்பொன்சர் செய்து வந்தேன். சண்டை வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்கிறார்.

முடியாது, தங்கச்சி. நீங்கள் இறங்கிப் பி.ஆர். ஆன பிறகு ஸ்பொன்சரை அவரால் திரும்ப எடுக்க முடியாது. மூன்று வருடத்துக்கு உங்கள் செலவுக்குப் பொறுப்பு என்று அவர்தான் கையெழுத்து வைத்திருக்கிறார். இடையில் சில வருடம், புதிதாகக் கட்டி வந்தவர்கள் இரண்டு வருடம் சேர்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2017 ஏப்ரலில் அதையும் நீக்கிவிட்டார்கள். உங்கள் பி.ஆர். உங்களுடையது. அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டிய எந்தச் சட்டக் கட்டாயமும் இல்லை. ஆபத்தென்றால் 911ஐ அழையுங்கள். உங்கள் காட்டையும் கடவுச்சீட்டையும் நீங்களே வைத்திருங்கள்.

பிறப்புச் சான்றிதழ் சுனாமியில் போய்விட்டது. பெயரும் ஒவ்வொரு கடதாசியில் ஒவ்வொரு விதம்.

பிறப்பு பதியப்பட்டிருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். 1978 சூறாவளி, 1990 இடப்பெயர்வு, 2004 சுனாமி என்று நம் கரையோரத்தில் அலுமாரிகள் மூன்று தடவை காலியாகியிருக்கின்றன. ஆனாலும் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடச் சொல்லுங்கள். பதிவே இல்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கிறது.

பெயர்தான் பெரிய தொல்லை. தகப்பன் பெயர் முன்னாலா பின்னாலா, "கந்தையா"வுக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக் கூடவா குறையவா என்று பார்த்துச் சலித்துவிட்டேன். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகளைக் கனடாப் படிவம் எல்லாவற்றிலும் எழுதுங்கள். மற்ற எழுத்துக்கூட்டல்களை "வேறு பெயர்கள்" என்ற இடத்தில் மறைக்காமல் போடுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டுப் பிரதியையும் கூடவே கொடுங்கள்.

குடித்துவிட்டு வாகனம் ஓட்டிப் பிடிபட்டால் அபராதத்தோடு போய்விடுமா?

பி.ஆர்.காரருக்குப் போகாது. 2018 டிசம்பர் 18இலிருந்து அந்தக் குற்றத்துக்கு உச்சத் தண்டனை பத்து வருடம். பத்து வருட உச்சத் தண்டனை உள்ள குற்றம் குடிவரவுச் சட்டத்தில் பாரதூரமான குற்றம். அபராதம் மட்டும் கட்டியிருந்தாலும் வெளியேற்றம் வரை போகலாம். அங்கே படிக்கப் போய்ப் பி.ஆர். எடுத்த பிள்ளைகளுக்குத் தாய்மார் இதைச் சொல்லி வையுங்கள்.

ஹெல்த் காட் (மாகாண மருத்துவ அட்டை) கணக்கும் இதே 730 நாள்தானா? வரி?

இல்லை, ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. ஒன்ராறியோவில் ஹெல்த் காட்டுக்கு எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாள் அங்கே இருக்க வேண்டும். மேலே சொன்னபடி 150 நாள் மட்டும் கனடாவில் நிற்பவருக்குப் பி.ஆர். நிற்கும், ஹெல்த் காட் நிற்காது. மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும்.

வரிக்கு, கனடாவில் வதிபவர் உலகம் முழுதும் உள்ள வருமானத்தைக் காட்ட வேண்டும். திருக்கோயிலில் கடையை வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வாடகையும் அதில் சேரும். வெளிநாட்டுச் சொத்து வாங்கிய பெறுமதி 100,000 கனேடிய டொலரைத் தாண்டினால் தனிப் படிவம் ஒன்று இருக்கிறது. சொந்தப் பாவனைக்கு வைத்திருக்கும் வீடு அதில் சேராது.

ஊர்க் காணி, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி), இரட்டைக் குடியுரிமை என்னவாகும்?

பி.ஆர். உள்ளவரை நீங்கள் இலங்கைக் குடிமகன், காணியில் எந்தச் சிக்கலும் இல்லை. கனேடியக் குடியுரிமை எடுக்கும் நாளில்தான் விடயம் மாறுகிறது. முன்கூட்டியே தக்கவைக்க விண்ணப்பிக்காவிட்டால் இலங்கைக் குடியுரிமை அற்றுப்போகும். பிறகு மீளப் பெற விண்ணப்பிக்கலாம். இரண்டும் பத்தரமுல்லை குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில்தான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும், பெற்றோரிடமிருந்து முதுசமாக வருவதற்கும் விலக்கு உண்டு. நம் பக்கத்தில் வீடு வளவு பெண் பிள்ளைக்கு என்பது வழக்கம். கனடாவில் உள்ள மகளுக்கு எழுதுவதாக இருந்தால், அவள் குடியுரிமை எடுக்குமுன் எழுதி முடிப்பது சுலபம்.

நிரந்தரமாகப் போகிறவர் ஈ.பி.எப். பணத்தை முழுதாக எடுக்கலாம். திரும்பி வந்து வேலை செய்யும் எண்ணம் உள்ளவர்கள் அவசரப்பட வேண்டாம்.

அம்மாவையும் பி.ஆர்.இல் கூப்பிடுவதா?

அம்மாவைக் கேளுங்கள். நான் 2019இல் கேட்டேன். "எனக்கு அங்க என்ன மகள் இருக்கு? ரெண்டு மாசம் பாத்திட்டு வாறன்" என்றார். கனடாவும் அத்தனை சுலபமாகப் பெற்றோரை எடுப்பதில்லை. 2020இல் விருப்பப் படிவம் கொடுத்தவர்களிலிருந்தே 2024, 2025 ஆண்டுகளிலும் அழைத்தார்கள். கிடைத்தாலும் பிள்ளை 20 வருடத்துக்குப் பொறுப்புக் கையெழுத்து வைக்க வேண்டும், அம்மாவுக்கும் அதே 730 நாள். முற்றத்து முருங்கையையும் வெள்ளிக்கிழமைக் கோயிலையும் விட்டு அவரால் அந்த நாட்களை நிரப்ப முடியுமா என்று பாருங்கள்.

அப்படி முடியாதவர்களுக்குச் சுப்பர் விசா நல்லது. பத்து வருடம் வரை பலமுறை போய்வரலாம், 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவைக்கு ஐந்து வருடம் வரை நிற்கலாம். பிள்ளையின் வருமானம் குறித்த அளவுக்கு இருக்க வேண்டும். குறைந்தது 100,000 டொலருக்கு ஒரு வருட மருத்துவக் காப்புறுதியும், கொழும்பில் மருத்துவப் பரிசோதனையும் வேண்டும். இத்தனை நாள் நின்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. என் அம்மாவுக்கு அதைத்தான் எடுத்தோம். போன கோடையில் வந்து மூன்று மாதம் நின்றார். கல்லடிக்குத் திரும்பிய அன்று முதல் வேலையாக முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றினாராம், பக்கத்து வீட்டு மச்சாள் சொன்னாள்.